பசியாறியாச்சா

பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில்
காது அடைத்துக்கொண்டது.
மூக்கைப் பிடித்து ஊது என்றாள் நாகவேணி.
ஊதினேன்.
முன்சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்து அழத் தொடங்கியது.

பொங்கலுக்கு மூன்று நாள் கேட்டோம்.
பிப்ரவரி ஆர்டர் இருக்கிறதென்று
ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
பாகலூர்ப் பக்கம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்,
அந்த நாள் இந்நேரம் ரோஜாவாகிக்கொண்டிருக்கும்.

கிள்ளானிலிருந்து ஆறு மாதத்துக்கு அனுப்பப்பட்டவள் நான்.
குளிரறையில் நின்று வேண்டாம் என்பது என் வேலை.
தண்டு வளைந்தால் வேண்டாம்.
இதழோரம் கறுத்தால் வேண்டாம்.
ஜொனாலி விடியுமுன் வெட்டியதை,
நாகவேணி கட்டியதை,
தப்ரேஸ் அட்டைப்பெட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டதை.
முதல் மாதம் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.
பிறகு ஒருநாள், ஓசூர்க் குளிர் தெரியாமல் வந்து
பல் கிட்டி நின்றவள்மேல்
தன் அண்ணனின் ஸ்வெட்டரை விட்டெறிந்தாள் நாகவேணி.
முகத்தில் விழுந்தது.
அவ்வளவுதான் சமாதானம்.

காலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில்
வாய் தவறி வந்துவிட்டது எனக்கு:
"பசியாறியாச்சா?"
மூவரும் நின்றுவிட்டார்கள்.
"ஆறுறதுக்குப் பசி என்ன புண்ணா?" என்றான் தப்ரேஸ்.
காப்பி ஆறும், கோபம் ஆறும்,
பசி எப்படி ஆறும் என்று நாகவேணி.
ஜொனாலிக்கு எட்டு மாதத் தமிழ்.
"ஆறு நம்பர்தானே?"
எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே
அதுதான் பேச்சு என்றேன்.
நம்பவில்லை. இட்லி வரும்வரை வழக்கு நடந்தது.
இட்லி வந்ததும் ஆறிப்போனது.

ஒகேனக்கல்லில் வறுத்த வாளை மீன்.
நாகவேணி ஒன்றை எடுத்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
கண்ணைச் சுருக்கினாள். என் குரலில் சொன்னாள்:
"வால் வளைஞ்சிருக்கு. ரிஜெக்ட்."
அடுத்தது.
"ஓரம் கறுத்திருக்கு. ரிஜெக்ட்."
கடைக்கார அம்மா கரண்டியோடு எழுந்துவிட்டார்.
நானா அப்படிப் பேசுகிறேன்?
ஜொனாலி முள்ளை எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

பரிசலில் ஏறும்போதே கேட்டார் பரிசல்காரர்.
மலேசியாவா, பூர்வீகம் எது?
பெரியம்மா ஒரு சீட்டில் ஊர்ப் பெயர் எழுதித் தந்திருக்கிறாள்,
படம் எடுத்து அனுப்பச் சொல்லி.
சீட்டு பெட்டியில் இருக்கிறது.
லீவு இரண்டு நாள்.
தெரியாதுண்ணே என்றேன்.

பாறைகளுக்கு நடுவே போனது பரிசல்.
பாதி ஆற்றில் கைப்பேசி அதிர்ந்தது:
கர்நாடகம் உங்களை வரவேற்கிறது.
எனக்குச் சட்டென்று பாஸ்போர்ட் ஞாபகம்.
அவர் துடுப்பை நிறுத்தக்கூட இல்லை.
அந்தப் பக்கம் பாறை, இந்தப் பக்கம் பாறை,
ஒரு நீர்க்காக்கை சிறகை விரித்து
இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாகக் காய்ந்துகொண்டிருந்தது.

சுத்தவா? என்றார்.
பதில் வருமுன் சுற்றிவிட்டார்.
அவரவர் பாஷை அவரவர் வாயிலிருந்து தெறித்தது.
நாகவேணி தெலுங்கில் வைதாள்.
தப்ரேஸ் அம்மாவை உருதுவில் கூப்பிட்டான்.
ஜொனாலி சொன்னது என்னவென்று
இன்னும் சொல்ல மறுக்கிறாள்.
நான் "அலாமாக்!" என்று அலறினேன்,
நின்ற பிறகும் இன்னொரு முறை.

கடைசி பஸ். என் தோளில் நாகவேணியின் தலை,
ஸ்வெட்டரெல்லாம் மீன் வாசம்.
மறுநாள் கிருஷ்ணகிரி அணைக்குப் போவதாக இருந்தோம்.
தூங்கிவிட்டோம்.

அதற்கு அடுத்த நாள் குளிரறைக் கதவு திறந்தது.
வாயில் புகையோடு ஜொனாலி,
கையில் இருபது தண்டுக் கட்டு.
"பசியாறியாச்சா?"
அவள் சொல்லும்போது அது
வேறெங்கோ இருக்கும் ஓர் ஊரின் பெயர்போல் கேட்டது.
இன்னும் இல்லை என்றேன்.
கட்டை விளக்கடியில் திருப்பினேன்.
மூன்றாவது தண்டு வளைந்திருந்தது.
அவளும் பார்த்தாள்.
வேண்டாம் என்றேன்.
"அலாமாக்" என்றாள்.