ஈரக் கழிவு

ஆறு புள்ளி எட்டு.
ஐந்து ரோடு லேபில் காகிதத்தை நீட்டிய பெண்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுல வந்தீங்க?" என்றார் டாக்டர் பெனடிக்டா.
ஏற்காட்டிலிருந்து, பைக்கில்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
சீட்டின் நுனியிலேயே.
"போன வாரம் நீர்க்கடுப்பு?"
இருந்தது.
பேனாவை மூடிவிட்டார்.
"இந்த எண்ணை நம்பி இப்பவே சதை எடுக்க வேண்டாம்.
கடுப்பு ஆறட்டும், ஆறு வாரம் போகட்டும். பஸ்ல வாங்க.
மொத்தம் எவ்வளவு,
அதுல ஒட்டாம திரியறது எவ்வளவு,
ரெண்டையும் பார்ப்போம்."

இருபத்தெட்டு வருஷமாய் எஸ்டேட் தராசடியில் நிற்கிறவன் நான்.
மழைக்கு மறுநாள் பறித்த காப்பிப் பழம்
மூட்டைக்கு மூன்று கிலோ பொய் சொல்லும்.
சாக்கைக் கழித்து ஈரத்தைக் கழித்துத்தான்
பேரேட்டில் ஏற்றுவேன்.
ஒருமுறை மறந்துபோய்
தண்ணீர் தெளித்தாயா என்று
வெள்ளச்சியை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.
வெறும் பனிதான் அது.

இன்று அடிவாரம் வரை
பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தேன்,
காலி சீட் இருந்தும்.
ரத்தம் எடுத்தாயிற்று.
நாலு மணிக்கு வரச் சொன்னார்கள்.
இப்போது மூன்றே கால்.

அன்று அவள் எதுவும் பேசவில்லை.
கூடையைக் கவிழ்த்து
இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.