ஆணித் துரு

கறுப்பில் பன்னிரண்டு கொட்டான் வேண்டுமாம்.
கோயம்புத்தூரிலிருந்து உமையாள் ஆச்சி
குரல் அனுப்பியிருந்தார்.
சிவப்பு, பச்சை, ஊதா என்றால்
டப்பாச் சாயம் கொதிக்கும் நேரத்தில் ஏறிவிடும்.
இது கறுப்பு.
அதுவும் கடையில் வாங்கினதாய் இருக்கக் கூடாது.
நல்ல காரியத்துக்கா என்று கேட்டேன்.
"அத நான் பாத்துக்கிறேன், பஞ்சவர்ணம்."
பெயரில் ஐந்து நிறம் வைத்திருக்கிறேன்,
கறுப்பும் அதில் ஒன்றென்று
அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

ஓலைக்குக் குறைவில்லை.
சாத்தையா வெட்டிப்போட்ட குருத்து
மூன்று நாள் காய்ந்து கிடந்தது.
மத்தியான ஓலை வீம்பு பிடித்தது, வளைத்தால் முறியும்.
விடியுமுன் பனி குடித்த ஓலை
சொன்ன பக்கம் மடங்கும்.

கறுப்புக்குத்தான் அலைந்தேன்.

மூணாம் வீட்டில் சுவர் பூசுகிற கொத்தனார்
கடுக்காய் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றிவிட்டு
சக்கையை வேலியோரம் கொட்டியிருந்தார்.
அள்ளி வந்தேன்.
அதே காய்தான்,
சுவரில் சேர்ந்தால் முகம் பார்க்கிற வெள்ளை,
இரும்போடு சேர்ந்தால் அமாவாசை.

இரும்புக்குக் காரைக்குடி,
முனீஸ்வரன் கோயில் தெரு.
இடித்த வீடுகளின் கதவும் கீலும் குவிந்த கடையில்
ஒரு கை ஆணி கேட்டேன்.
பர்மாக் காலத்து ஆணி, நூறு ரூபாய் என்றார்.
துரு மட்டும் போதும், ஆணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
சிரித்து, இருபதுக்குக் கொடுத்தார்.

பழைய சோற்றுத் தண்ணீரில் ஐந்து நாள் ஆணி ஊறியது.
வாடை தாங்காமல் சாத்தையா
கட்டிலை வெளியே தூக்கிப் போனார்.
ஆறாம் நாள் ஓலையை முக்கினேன்.
எலிச் சாம்பல்.
ஊறி ஓய்ந்த சக்கையில் என்ன துவர்ப்பு இருக்கும்?

கண்மாய்க்குள் இறங்கினேன்.
கருவேல மரத்தடியில் உதிர்ந்த காய்க்கு
எனக்கு முன்னால் ஆடுகள் நின்றன.
அவை தின்றது போக ஒரு சாக்கு.
இடித்து, காய்ச்சி, ஓலையை அதில் முக்கி,
பிறகு ஆணித் தண்ணீரில்.
மறுபடி அதில், மறுபடி இதில்.
நாலாம் முக்கில் ஏறியது.
காக்கை கூடக் கொஞ்சம் வெளிறிப்போகும் கறுப்பு.

ஓலை மட்டுமா கறுத்தது?

ரேஷன் கடையில்
மூன்று தரம் கட்டைவிரலை வைத்தேன்.
மூன்று தரமும் பொருந்தவில்லை என்றது மிஷின்.
"வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."
"அவர் பனையில இருக்காரு."
வரிசை பின்னால் முணுமுணுத்தது.
பக்கத்து சர்பத் கடைக்காரர் பிழிந்து எறிந்த எலுமிச்சை மூடி
காலடியில் கிடந்தது.
சோப்பும் மண்ணெண்ணெயும் தொட முடியாத கறுப்பு
தேய்க்கத் தேய்க்கக் கரைந்து
என் ரேகை வெளியே வந்தது.
பச்சை விளக்கு.

இருபது கிலோ அரிசி தலையில் இருந்தது.
யோசனை முழுக்க முந்தானையில் முடிந்த மூடியில்.

வீட்டுக்கு வந்ததும் சாற்றில் ஈர்க்கைத் தொட்டுக்
கறுப்பு ஓலையில் ஒரு கோடு இழுத்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் கோடு விழித்தது.
வெள்ளையாக இல்லை,
ஓலையின் சொந்த வெளிர் மஞ்சளில்.
பன்னிரண்டு கொட்டானுக்கும் விளிம்பில் புள்ளி வைத்தேன்.
வேறு கோலம் எதுவும் கை வரவில்லை.
அடியில் மட்டும்
சாறு தோய்ந்த கட்டைவிரலை
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
எதுவும் பொருந்தவில்லை என்று சொல்லவில்லை.

பார்சல் போன மூன்றாம் நாள் போன்.
"அடியில ஏதோ விரல் பட்ட கறை இருக்கே, பன்னிரண்டிலயும்?"
"கறை இல்ல ஆச்சி. கறை போன இடம்."
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு இன்னும் எட்டு வேண்டும் என்றார்.
எதற்கென்று இப்போதும் சொல்லவில்லை.

சாத்தையாவைக் குருத்துக்கு அனுப்பியாயிற்று.
சாக்கை உதறிக்கொண்டு கிளம்புகிறேன்,
இன்றைக்காவது
ஆடுகளுக்கு முந்த வேண்டும்.