மார்ச் ஒன்று

பிப்ரவரி முடிந்த மறுநாள்
தோ பாயோ நூலகத்தில்
ருஸைனா பதாகையைக் கழற்றினாள்.
முகப்பு மேசையில் இருந்த
கறுப்பின எழுத்தாளர்கள்
தள்ளுவண்டியேறி
அடுக்குகளுக்குள் போய்விட்டார்கள்.

அந்த வண்டிச் சத்தம்
எனக்குப் பழக்கம்.
எங்களுக்கும் உண்டு ஒரு மாதம், ஏப்ரல்:
மேடை, பொன்னாடை, கேசரி.
மே பிறந்தால்
என் தொகுப்பைத் தேடி
ஒருவரும் மாடியேறுவதில்லை.

ஆகவே ஜூலையில்,
வெக்கை பிடுங்கிய ஒரு செவ்வாயன்று,
லாகோஸ்காரி ஒருத்தியின் நாவலை
இரவல் வாங்கினேன்.
அதில் ஒருத்தி
மீன் பொரித்தபடியே கணவனை மன்னிக்காமலிருக்கிறாள்,
நாற்பது பக்கம்.

தவணையை நீட்டிக்கப் பார்த்தேன்.
முடியாது என்றது செயலி:
வேறு யாரோ காத்திருக்கிறார்.

யாரது, ஆகஸ்டில்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பிராஸ் பசாவுக்குப் பேருந்து பிடித்தேன்,
முழு விலைக்கு ஒன்று வாங்க.