ஆறாவது டேக்

பாஜு கிடங்கில் கொதிப்பது நான் காய்ச்சும் ரத்தம்:
சோளப்பாகு, கோகோ, ஒரே ஒரு சொட்டு நீலம்.
நீலம் குறைந்தால் ஜாம் மாதிரி இருக்கும்,
ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.
இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:
"இன்னும் கொஞ்சம் கறுப்பாக, யொங்னான் அக்கா."

எவ்வளவு கறுப்பு என்று எனக்குத் தெரியும்.
கிம்போ பட்டறையில் பிரஸ் மெஷின்
மான்ஷிக்கின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட அன்று
என் கைக்குட்டை முழுக்க அந்த நிறம்தான்.
முதலாளி பியோ இடுப்பு வளைய வணங்கி
ஒரு உறை நீட்டினார்.
முறைப்படி இரு கைகளாலும் வாங்கினார் என் வீட்டுக்காரர்,
ஒன்றில் கட்டு.

இந்தப் படத்தில் வில்லனுக்கு சிலிக்கான் தலை.
இடது காதுக்குக் கீழே ஒரு மரு வைத்தேன்.
திரைக்கதையில் கிடையாது. யாரும் கேட்கவில்லை.

கோடரி இறங்கியது.
நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"மறுபடி."

மறுபடி என்றால்
நான்தான் அவரைச் சேர்த்து ஒட்ட வேண்டும்.
பிளந்த நெற்றியை மூடி, மூக்கோரம் துடைத்து,
ஈர முடியை டிரையரில் உலர்த்தி
வகிடு எடுத்து.
மறுபடி.
மறுபடி.

ஆறாவது முறை வகிடெடுக்கையில்
மரு எங்கோ உதிர்ந்திருந்தது.
முழங்காலிட்டுத் தேடினேன், தரையெல்லாம் பாகு.
காதுக்குக் கீழே வெறும் தோல், யாரோ ஒரு மனிதர்,
கண் திறந்தபடி.
"ரெடியா அக்கா?"
"இரண்டு நிமிஷம்."

இரவுச் சாப்பாட்டில்
என் நகக்கண் சிவப்பைப் பார்த்து மான்ஷிக் கேட்டார்,
"இன்றைக்கு எத்தனை பேர்?"
"ஒருத்தர்தான்" என்று
மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.