மைனஸ் பதினெட்டு

கத்திரி பிறந்து நாலாம் நாள்
கம்பளி வாங்கக் கிளம்பினோம்.
முக்கூடல் பஸ்ஸில்
சன்னல் கம்பி தொட்டால் சுட்டது.
லித்துவேனியா என்ற பெயரை
இன்னும் ஒரு தடவைகூட
அவர் ஒரே மாதிரி சொன்னதில்லை.
லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம். ரெண்டு வருஷம்.
போன தை மாசம் அங்கே மைனஸ் பதினெட்டு என்றான் ஏஜென்ட்,
கொத்தனார் கூலி சொல்கிற குரலில்.

டவுனில் ரத வீதி நாலும் ஏறி இறங்கினோம்.
முதல் கடையில் சிரித்தார்கள்.
அடுத்ததில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள்.
இன்னொன்றில் ஒரு பையன் பரணேறி
மார்கழிக்கு வந்து மிஞ்சிய குரங்குக் குல்லாக்களைத்
தூசியோடு இறக்கிப் போட்டான்.
அவர் ஒன்றை மாட்டிப் பார்த்தார்.
கண் மட்டும் தெரிந்த அந்த ஆளோடு
எனக்குப் பழக்கமில்லை.
எண்பது ரூபாய். எடுத்துக்கொண்டோம்.

ஜங்ஷன் பக்கம் பெரிய கடை, கண்ணாடிக்குள்ளே ஒரு கோட்டு.
விலைச்சீட்டைப் புரட்டினேன்.
எனக்கு ரூபாயில் கணக்கு வராது,
ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் வரும்.
இருபத்தாறாயிரம் பீடி.
ஞாயிறு போக ஒரு மாசம்
இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டினால்
அந்தக் கோட்டு.
"ஏசியாவது கொஞ்ச நேரம் கிடைச்சுதே"
என்று வெளியே வந்தார்.

மேலப்பாளையத்தில் செய்யது மசூது கடை.
கப்பலில் வரும் பழைய துணி மூட்டை.
"பழசுதான், மறைக்கதுக்கு என்ன இருக்கு?
ஒருத்தன் குளிரைத் தாங்கிட்டு வந்த துணி வே இது.
புதுசு என்னத்தத் தாங்கிச்சு, சொல்லும்."
நாவல்பழ நிறம். ரெண்டு ஜிப்பில் ஒன்று ஓடவில்லை.
உள்பையில் கிழிந்த டிக்கெட் ஒன்று,
தெரியாத எழுத்து.
ஆயிரத்து எண்ணூறு சொல்லி
ஆயிரத்து நானூற்றைம்பதில் நின்றது.
ஐயாயிரம் பீடி, கூடக் கொஞ்சம்.

போட்டுப் பார்த்தார். ஃபேனைக் கூட்டிவைத்தார் மசூது.
"எப்படி இருக்கு?"
"சுடுது."
"குளிர் தாங்குமா தாங்காதா, அதச் சொல்லும்."
மூக்கு நுனியில் வேர்வை சொட்ட
என்னையே பார்த்தார்.
இந்த ஊர் வெயிலை வைத்துக்கொண்டு
அதை எப்படிச் சொல்ல?

பேட்டையில் ஐஸ்கிரீம் குடோன்.
அங்கே அவருடைய சேக்காளி ஆவுடைநாயகம் சூப்பர்வைசர்.
"உள்ள அதே மைனஸ் பதினெட்டுதான், வாரும்.
முதலாளி வாரதுக்குள்ள பத்து நிமிஷம்."
கோட்டு, குல்லா, காலில் ரப்பர் செருப்பு.
பெட்டகம் மாதிரிக் கதவு, ஒரு சாண் தடிமன்.
மூடினார்கள்.

நான் போனில் மணி பார்த்தேன்.
குச்சி ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே
யாரோ பாட்டு முணுமுணுத்தார்கள்.
மூணாம் நிமிஷம் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன்.
அந்தக் கோட்டுக்காரன்
எந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பான்?
ஆறாம் நிமிஷம் கதவைத் தட்டினேன்.
அப்புறம் கையால் அறைந்தேன்.
"மைனி, உள்ள கேக்காது" என்றார் ஆவுடைநாயகம்.

புகையோடு வந்தார்.
மீசை நரைத்திருந்தது, பல் தந்தியடித்தது,
ஆனாலும் சிரிப்பு.
"உடம்புக்குக் குத்தமில்ல. காலுதான்..."
குடோன் வாசலில், சுடுகிற சிமெண்டில் உட்கார்ந்து
அவர் கால்விரல் பத்தையும்
கைக்குள் பொத்திப் பிடித்தேன்.
பீடி மடித்துக் காய்த்த கைக்கும்
அந்தக் குளிர் ஏறியது.
ஆள் பார்க்கிறார்கள் என்று காலை இழுத்தார்.
நான் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
மடியில் கோட்டை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.
பையில் அடங்கவில்லை அது.
கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்,
லக்கேஜ் போடலாமா என்று.

பூட்ஸுக்கு இன்னும் ஒன்பதாயிரம்.
விசா வர இருபது நாள் என்கிறான் ஏஜென்ட்.
பிடித்தம் போக, கழிவு போக, எட்டும்.
இன்று ராத்திரி மட்டும்
கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.