வாய்க்கென்ன தேய்மானம்

பாலேந்திரா சவுண்ட்ஸ் பில் கொப்பியின்
பின்னட்டையில் எழுதத் தொடங்கினேன்.
பேனை இரண்டு தரம் அடைத்தது.

முன்பக்கங்களில் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது.
பெட்டி நாலு.
ஜெனரேற்றர், டீசல் உங்கட செலவு.
ரியூப் லைற் எண்ணிக்கைக்கு,
வயர் மீற்றருக்கு,
வயர் இழுக்கிற பெடியனுக்கு நாள்கூலி.
அறிவிப்பு என்ற இடத்தில்
பதினொரு வருசமாக ஒரு கோடு.
கோட்டுக்குப் பக்கத்தில் அண்ணையின் கையெழுத்து:
பிள்ளைக்குச் சாப்பாடு.

"வாய்தானே தங்கச்சி, தேயவே போகுது?"
என்றார் பாண்டியன்குளத்துக் கழகத் தலைவர்.
அன்று மின்னொளிக் கரப்பந்து, இருபத்திரண்டு அணி,
இரவு எட்டுக்குத் தொடங்கி
விடிய ஐந்தேகால்.
வேலிக்கு அங்கால நின்றவர்களுக்கு
பந்து எங்கே விழுந்ததென்று நான்தான் சொன்னேன்.
தோற்ற அணிகளின் பேரையும் முழுதாகச் சொன்னேன்.
தொலைந்த மோட்டார்சைக்கிள் திறப்பொன்றை,
தாயைத் தவறவிட்ட குஞ்சொன்றை,
குடித்துவிட்டுப் படுத்த நடுவரைக்
கூப்பிட்டேன் கூப்பிட்டேன்.
வென்றவர்களுக்குக் கேடயம்.
எனக்குப் பிளேன்ரீயும் ஆறிய ரோல்ஸும்.
மூன்று நாள் குரல் எழும்பவில்லை,
கடையில் பருப்புக்கும் விரல்தான் காட்டினேன்.
இதுதான் தலைவரே, தேய்மானம்.

ஆகவே எழுதுகிறேன்.

சாமத்திய வீடு, எட்டாயிரம்.
தாய்மாமன்மார் மூன்றுக்கு மேல் என்றால் ஒன்பது.
ஒருவர் பேர் முந்தினால்
மற்றவர் சாப்பிடாமல் போவார்,
அந்தப் பழியும் என் தலையில்.
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பாதி.
பிரதம விருந்தினர் பிந்தினால் முழுசு.
ஓட்டோவில் மரண அறிவித்தல், கிலோமீற்றர் கணக்கு.
துணுக்காய் றோட்டில் என்றால் கொஞ்சம் கூட,
பள்ளத்தில் ஏறி விழ
'ஆழ்ந்த அனுதாபம்' இரண்டாய் உடையும்,
திரும்ப முதலில் இருந்து சொல்லவேணும்.
தேர்தல் கூட்டம், முழுக்காசும் முன்னமே.
வென்றாலும் தோற்றாலும்
பிறகு ஆளைப் பிடிக்கேலாது.
கல்யாணம், பத்தாயிரம்.

பத்தை எழுதியதும் கை நின்றது.

யோகபுரத்துப் புவனராணி அக்காவிடம்
முதன்முதல் அந்தத் தொகையைச் சொன்னபோது
அவ பேரம் பேசவேயில்லை.
குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்று யோசித்தேன்.
மடித்த தாளொன்றைத் தந்தா,
மகளின் கல்யாணத்தில் சொல்லவேண்டிய பேர்கள்.
தகப்பன் பேருக்கு முன்னால் அமரர்.
பேரனாருக்கு அமரர். சித்தப்பாவுக்கும்.
தமையன் தனுராஜ், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"அமரர் எண்டு வாய்தவறியும் சொல்லிப்போடாதை.
வந்திருக்கிறான் எண்டும் சொல்லாதை.
பேரைச் சொல்லு, காணும்."

அன்றிரவு அடுப்படியில் நின்று பழகினேன்.
செல்வன் என்றால் பதினேழு வயது,
கடைசியாகக் கண்ட வயது.
திரு என்றால் முப்பத்திமூன்று,
அதை யார் கண்டது?
முன்னால் ஒன்றுமில்லாத பேர்
மைக்கில் எப்படி நிற்கும் என்று தெரியவில்லை.
குழம்பு அடிப்பிடித்தது.

மண்டபத்தில் அந்த வரி வந்தது.
"மணமகளின் தமையன், தனுராஜ்."
அடுத்த பேருக்குப் போகாமல் நின்றேன்.
நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து
மிக்சரில் இருந்த பெடியன் பாட்டைத் தூக்கப் போனான்,
கையைக் காட்டி மறித்தேன்.
பேர் சொன்னால் ஆளைத் தேடுவது சபையின் பழக்கம்.
முன்வரிசை திரும்பியது,
பிறகு பின்வரிசை,
எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.
வாசலில் வீடியோக்காரன் மட்டும்
தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று விலகி நின்றான்.

நாலு செக்கன் இருக்கும்.
பெட்டி இரைந்துகொண்டிருந்தது.
பிறகு மாமாமாரின் பேர்களை வாசித்தேன்.

பின்னட்டையில் கடைசியாக ஒரு நிபந்தனை:
பேர்ப் பட்டியல் முதல் நாளே தரப்பட வேண்டும்.

பாலேந்திரா அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மேலிருந்து கீழ் வாசித்தார்.
"எல்லாம் சரி.
அப்ப அந்தச் சாப்பாடு?"

அதுவும்தான் என்றேன்.