பதினாலாம் கட்டம்

கருத்துக் கேட்டிருந்தீர்கள்.
கடைசித் தேதி போன செவ்வாய்.
செவ்வாயன்று மேகம் இறங்கி
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் எதிரில்
குடைக்கடியில் மனு எழுதுகிறவன் நான்.
குடியுரிமைச் சட்டம் முழுசாகப் படித்ததில்லை.
படிவம் மட்டும் மனப்பாடம்,
எந்தக் கட்டத்தில் கை நடுங்கும் என்பதுவரை.

பதினாலில் நடுங்கும்:
'நாட்டுக்குள் நுழைந்த விதம்.'

காத்தாயி கப்பலில் வந்தாள், பாஸ்போர்ட்டோடு.
அரசாங்கத் தேயிலைக் காட்டில் வேலை, லைன் வீடு, ஓட்டு.
தங்கை யோகம்மா
அதே வரிசையில் நின்று எழுதிக்கொடுத்தவள்தான்.
அவள் முறை வந்தபோது
கப்பலை நிறுத்திவிட்டார்கள்.
பிறகொரு ராத்திரி மீன்படகில் வந்தாள்.
ஒரே வயிறு.
ஒருத்தி குடிமகள்,
ஒருத்தி சட்டவிரோதம்,
மாசாமாசம் ஸ்டேஷனில் கைநாட்டு.
முப்பத்தெட்டு வருஷமாக ஒரே அடுப்பில் உலை கொதிக்கிறது.
அரிசிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை:
'கப்பல் நின்றுபோனதால்' என்று எழுத
அந்தக் கட்டத்தில் இன்னும்
அரை அங்குலம் இடம் விடுங்கள்.

எழுத்துப் பிழைக்காக ஃபைலைத் திருப்பாதீர்கள்.
யோகம்மா, யோகாமா, ஜோகம்மாள்,
மூன்றும் உங்கள் ஆட்கள் எழுதியவை.
எழுதத் தெரியாதவள்
எப்படி ஐயா பிழை விடுவாள்?

அசல் கேட்கிறீர்கள்.
மண்டபம் முகாமில் ரசீது இல்லாமல்
வாங்கி வைத்தது யார்?
உங்கள் பீரோக்களை ஒருமுறை
நன்றாக உதறிப் பாருங்கள்.

டெல்லிவரை ஏன் போகவேண்டும்?
கலெக்டர் ஊட்டியில் இருக்கிறார்,
பஸ்ஸில் ஒரு மணி நேரம்.
முத்திரை அவரிடமே இருக்கட்டும்.
தொண்ணூறு நாளில் பதில்.
'இல்லை' என்றாலும் சரி,
காரணம் தமிழில்.

இதை எழுதும்போது
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்திருக்கும்
சோமா ஓராவ்ன் என்கிற பையன் குனிந்து பார்த்தான்.
தனக்கும் ஒரு படிவம் வேண்டுமாம்.
உனக்கு வேண்டாம், இது உன் நாடு என்றேன்.
நம்பாமல் ஆதாரை எடுத்து எடுத்துக் காட்டினான்.
அதற்கு என்ன கோரிக்கை எழுதுவதென்று
எனக்கும் தெரியவில்லை. விட்டிருக்கிறேன்.

கடைசியாக, ரேகை மெஷின்.
யோகம்மாவின் பத்து விரலையும் அது மறுத்துவிட்டது.
கொழுந்து பறித்துத் தேய்ந்துபோன விரல்கள்.
'அடையாளம் தெளிவில்லை' என்று சிவப்பாக வருகிறது.
கண்ணைப் படமெடுக்கும் மெஷின் குன்னூரில் ஒன்று உண்டாம்.
அது ரிப்பேர்.

இந்த மனுவுக்குக் கட்டணம் வாங்கவில்லை.
தபால் செலவை மட்டும்
அக்காளும் தங்கையும் பாதிப்பாதி கொடுத்தார்கள்.